ஓர்சன் கேட்டால் சொல்லாதே

வில்லோ பெண்ட், யூட்டா
1934 ஆகஸ்ட் 14, செவ்வாய்

அன்பு மகள் லியோராவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். சிகாகோவில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உட்கார நேரமில்லை, நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய், அது நல்லதில்லை, குடல் இறங்கிவிடும், ஐந்து நிமிஷமாவது உட்கார். இங்கே மழை என்ற பேச்சே இல்லை. வாய்க்கால் முறை பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் இரண்டு மணி நேரம், உன் அப்பா மண்வெட்டியோடு ஓடிப் போய் மடையைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. பீச் பழமெல்லாம் கோலிக்குண்டு அளவில் இருக்கிறது, ஆனாலும் விடவில்லை, நாற்பது பாட்டில் பாகு காய்ச்சிப் போட்டுவிட்டேன். சிவப்புப் பசு பால் வற்றி நிற்கிறது. உன் அப்பாவுக்கு முட்டி வலி, ஆனால் வாய் வலி இல்லை என்பதால் எனக்கு ஓய்வே கிடையாது. காப்பி கூடாது என்று சபை எவ்வளவு சொல்லியும் காலையில் ஒரு கோப்பை குடிப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை, பிஷப்பின் செருமல் வாசலில் கேட்டால் பாத்திரத்தை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுகிறேன். எங்கள் டேனிஷ் வீடுகளில் காப்பியை விட்டவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் இடுகாட்டில் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி, உன் அறைத்தோழிக்குப் படித்துக் காட்டாதே. உன் மாமா ஓர்சன் நம் ஊரை நிறுவிய பன்னிரண்டு குடும்பங்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறான் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா. அவனை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால், சபைக்கு எழுத்தர், கோழிக்குத் தீனி போடப் போனாலும் டை கட்டிக்கொண்டு போகிறவன். போன மார்ச் மாதம் அச்சுக்குப் போகும் முன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். அக்கா, நீதான் எங்க எல்லாருக்கும் மூத்தவ, தேதியெல்லாம் சரியான்னு ஒரு பார்வை பாரு என்றான். பார்த்தேன். பதினேழாம் பக்கம். ரஸ்முஸ் ஹால்ட் 1877ஆம் ஆண்டு தம் மனைவி டொர்தியாவுடன் இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறி முதல் குழிவீட்டை அமைத்தார் என்று இருந்தது. அதற்குக் கீழே, வீட்டு வேலைக்கு மாரன் என்ற கூலிப்பெண் இருந்தாள் என்று ஒரு வரி. அவ்வளவுதான். பிள்ளைகள் பட்டியலில் ஓர்சன் ஒருவன் பெயர்தான் இருந்தது. என் பெயரும் இல்லை.

மாரன் என் அம்மா, லியோரா. உன்னைத் தொடையில் போட்டு எண்ணெய் தேய்த்தவள். என் அப்பா ரஸ்முஸுக்கு இளையாள், டொர்தியா மூத்தாள். அந்தக் காலத்தில் இரண்டு பெண்டாட்டி வைத்துக்கொள்வது நம் சபையில் பெருமை, இந்தக் காலத்தில் அதைச் சொன்னால் வெளியார் சிரிக்கிறார்கள் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதானே. அப்பாவைச் சபை இந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பியபோது டொர்தியா பெரியம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பழைய ஊரில் செங்கல் வீடு, ஜன்னலுக்குக் கண்ணாடி, அதை விட்டுவிட்டுப் பொந்துக்குள் போய் வாழ எனக்கென்ன தலையெழுத்தா என்றாளாம். பத்தொன்பது வயது மாரன்தான் வண்டியேறி வந்தாள். மேட்டில் குடைந்த குழியில்தான் முதல் குளிர்காலம். கூரை புல்லும் மண்ணும், வெயில் ஏறினால் அதிலிருந்து பாம்பு தொப்பென்று விழும், அம்மா கரண்டியாலேயே அடித்து வெளியே எறிவாளாம். நான் பிறந்ததும் அந்தக் குழியில்தான். முதல் வாய்க்காலை வெட்டியபோது ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் அம்மா, நடுவில் நான் ஒரு பெட்டிக்குள். மூன்று வருஷம் கழித்து மரவீடு எழுந்து, தரைக்குப் பலகை போட்ட பிறகுதான் டொர்தியா பெரியம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். இந்த ஊரில் கால் வைத்த முதல் பெண் யார் என்று நீயே சொல்.

நான் பேசாமல் இருப்பேனா. ஓர்சனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டேய், இது என்னடா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று கேட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அக்கா, நான் ஆவணம் இல்லாம ஒரு வரி எழுதறதில்ல, மாரன் அம்மாவே கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காங்க, நான் கூலிக்காரின்னு, அந்த நகல் எங்கிட்ட இருக்கு என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. இருந்தாலும் அடக்கிக்கொண்டு, அவங்க எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாதா, கோயில் பதிவேட்டுல ரெண்டாவது கல்யாணம் இருக்குன்னு உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும் அக்கா, ஆனா இப்ப அதையெல்லாம் அச்சுல போட்டா நம்ம குடும்பத்துக்குத்தான் கேவலம், எப்படியும் அவங்க ரயில்ல வந்தவங்கதானே, எங்கம்மா மாதிரி ரயில் வர்றதுக்கு முந்தியே தள்ளுவண்டி இழுத்துக்கிட்டு சமவெளிய நடந்தா கடந்தாங்க என்றான். ரயிலில் வந்தவளாம். நடந்து வந்தவளுக்குக் குழியில் ஒரு நாள் படுக்கத் துணிச்சல் இருந்ததா. ஏப்ரலில் இன்னொரு தடவை அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன், மே மாதம் உன் அப்பாவை அனுப்பிக் கேட்டேன். மூன்றாவது தடவை அவன் உன் அப்பாவிடம், மாமா, அக்காவுக்கு வயசாகுது, இதையெல்லாம் பெருசு பண்ண வேணாம்னு சொல்லுங்க என்று சொல்லியனுப்பினான். எனக்கு ஐம்பத்தாறு வயது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஓர்சன் டொர்தியா பெற்ற பிள்ளை இல்லை. மாரன் பெற்றவன். என் சொந்தத் தம்பி, ஒரே வயிறு. அதிர்ச்சியடையாதே, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

1886ஆம் வருஷம், எனக்கு எட்டு வயது. இரண்டு பெண்டாட்டிக்காரர்களைப் பிடித்துச் சிறையில் போட அரசாங்கத்து மார்ஷலின் ஆட்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம். இளையாள் மடியில் கைக்குழந்தை இருந்தால் போதும், அதுதான் சாட்சி, ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்கு வேதபாடத்துக்கு முன்பே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உன் பேர் என்ன, தெரியாது. அப்பா யாரு, தெரியாது. எந்த வீடு, தெரியாது. மார்ச் நாலாம் தேதி அம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தான். மருத்துவச்சி கர்ஸ்டினா அவனைப் பின்கட்டில் வைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டாள். இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூத்தாளுக்கும் பிரசவம், ஆனால் அது உயிரில்லாமல் பிறந்தது. திங்கட்கிழமை காலையில் மலைவழியில் மூன்று குதிரை வருகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். அப்பா அப்படியே கொல்லைப்பக்கம் குதித்து மலைக்கு ஓடிவிட்டார். கர்ஸ்டினாதான் யோசனை சொன்னாள். மூத்தாளுக்குப் பிள்ளை பிறந்தால் குற்றமில்லை, அவளுக்குப் பிரசவமானது ஊருக்கெல்லாம் தெரியும், செத்தது யாருக்கும் தெரியாது, பையனை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள் என்றாள். துணிக்கூடையில் அவனை வைத்து, மேலே ஈரத்துணியைப் பரப்பி, என் கையில் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மூத்தாள் இருந்த பெரிய வீட்டுக்கு நூறு தப்படி இருக்கும். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், லியோரா. பாதி வழியில் குதிரைக்காரன் ஒருவன் என்னை நிறுத்தி, பாப்பா, உங்கப்பா எங்க என்று கேட்டான். தெரியாது என்றேன். கூடையில என்ன என்றான். அழுக்குத்துணி என்றேன். உள்ளே தம்பியின் கை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அழவில்லை.

அவர்கள் அம்மாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்டார்கள். திங்கள் துணி துவைக்கும் நாள். நீ யாரு என்றபோது நான் இங்க துவைக்கிற கூலிக்காரி என்றாள். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்திருந்தது. அது தெரியாமலிருக்க ஈரப் போர்வையை மார்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தபடியே நின்று பதில் சொன்னாள். அப்புறம் ப்ரோவோ கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கினார்கள், அங்கேயும் அதையே சொன்னாள். அப்பா சிறைக்குப் போகாமல் தப்பினார், மலையிலிருந்து இறங்கி வந்து கர்த்தர் காத்தார் என்று கூட்டத்தில் சாட்சி வேறு சொன்னார். காத்தது கர்த்தரா அந்தப் போர்வையா என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து நாள் அம்மா வாய்க்காலோரம் போய்க் குந்திக்கொண்டு பாலைப் பிழிந்து மண்ணில் விடுவாள், பெரிய வீட்டிலிருந்து அவன் அழும் சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

கெடுபிடி முடிந்த பிறகு அம்மா பிள்ளையைக் கேட்டாள். டொர்தியா பெரியம்மா கொடுக்கவில்லை. எம்புள்ள எங்க போச்சுன்னு ஊரு கேட்டா நான் என்ன சொல்லறது, ஆப்பிள் மரத்தடிய தோண்டிக் காட்டவா என்றாளாம். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார், அவன் பெரிய வீட்டுக்குப் பழகிட்டான், இனிமே மாத்தினா புள்ளைக்குத்தான் கெடுதல் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இதுதான் நம் குடும்பத்தின் முன்னோடி ஆண்மகன், மலையைப் பிளந்தவர். டொர்தியா இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் திறக்கவில்லை. பெரியம்மா போய் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று, அம்மா போய்ப் பன்னிரண்டு.

இப்போது புரிகிறதா எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. அவளை எந்தப் பொய்யைச் சொல்லவைத்து அவன் அப்பனைக் காப்பாற்றினார்களோ, அவன் உயிரையே எந்தப் பொய்யில் வைத்து வளர்த்தார்களோ, அதையே எடுத்து அவள் நெற்றியில் ஒட்டுகிறான். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் வரியை அடித்துவிட்டு அக்கா மன்னிச்சுக்கோ என்று முடித்திருப்பான். நான் அதற்கு விடவில்லை. எழுதட்டும், அச்சாகட்டும், சபைக்கூடத்தில் வைக்கப்போகிற நினைவுக்கல்லிலும் ஏறட்டும் என்று இருந்தேன். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். தோரா, அவன் உன் கூடப் பொறந்தவன்டி, விட்டுத் தொலை என்றார். கூடப் பிறந்தவனாக இருப்பதால்தான் விடமாட்டேன் என்றேன். கர்ஸ்டினாவின் மகள் பெட்ரியா கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறாள், காது மட்டும் கேட்காது. அவளிடம் போய் அவள் அம்மாவின் பிரசவக் குறிப்புப் புத்தகத்தை வாங்கி வந்தேன். நாற்பது வருஷத்துப் பிள்ளைகளும் அதில் இருக்கின்றன, எல்லாம் டேனிஷ் மொழியில். நான் படித்தேன், திரும்பப் படித்தேன், மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். ஜூனில் புத்தகம் வந்தது, நீலத்துணி அட்டை. ஜூலை இருபத்துநாலு முன்னோடிகள் திருநாளில் சபைக்கூடத்து முற்றத்தில் கல்லைத் திறந்தார்கள். ரஸ்முஸ் ஹால்ட், மனைவி டொர்தியா. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் நின்று கைதட்டினேன். ஆப்ரிகாட் கேக் கூடச் செய்து கொண்டு போனேன். ஓர்சன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அக்கா மனசு ரொம்பப் பெருசு என்று பிஷப்பிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் ஐந்து, மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம், உட்கார் என்று சொல்ல பிஷப்புக்கே வாய் வராது. நம் சபையில் ஒரு பெண்ணுக்குப் பேச விட்டிருக்கிற ஒரே மணி நேரம் அது. வயிற்றில் சனிக்கிழமையிலிருந்து ஒன்றும் இல்லை, ஆனாலும் பசியே தெரியவில்லை எனக்கு. ஓர்சன்தான் முதலில் எழுந்தான். தன்னைச் சுமந்து பெற்ற முன்னோடித் தாய் டொர்தியாவை நினைத்துக் கண்கலங்கினான். அவன் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். சகோதர சகோதரிகளே, எந்தம்பி ஆவணம் இல்லாம எதையும் நம்பமாட்டான், அது நல்ல பழக்கம், அதான் ஒரு ஆவணம் கொண்டாந்திருக்கேன், எழுத்து டேனிஷ்ல இருக்கு, மூணு வருஷம் கோபன்ஹேகன்ல ஊழியம் பண்ணினவன் நம்ம சபையில அவன் ஒருத்தன்தான், அவனே வாசிச்சு அர்த்தம் சொல்லட்டும் என்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அவன் கையில் வைத்தேன். கல்யாண விஷயமாக ஏதோ கிழவி கிண்டுகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது, இளக்காரமாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தான். 1886, மார்ச் 4, வியாழன். ரஸ்முஸ் ஹால்டின் இளைய மனைவி மாரனுக்கு ஆண். தலைமுடி சிவப்பு. இடது காலில் இரண்டு விரல் ஒட்டியிருக்கிறது.

அவனுக்கு இடது காலில் இரண்டு விரல் ஒட்டியிருப்பது ஊருக்கே தெரியும். சின்ன வயதில் வாய்க்காலில் குளிக்கும்போது எல்லாப் பையன்களும் அவனை வாத்து வாத்து என்று கூப்பிடுவார்கள். பின்பெஞ்சிலிருந்து தச்சர் யென்ஸ் தன்னை மறந்து, அடக் கடவுளே, நம்ம வாத்து என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். ஓர்சன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். அடுத்த குறிப்பை வாசிக்கவில்லை. பிஷப் எழுந்து சகோதரி, போதும் என்றார். நான் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னேன். மார்ச் 22, திங்கள். டொர்தியாவுக்கு நேற்றுப் பிறந்ததற்கு உயிரில்லை, ஆப்பிள் மரத்தடியில் வைத்தோம். மாரனின் பையனைப் பெரிய வீட்டுக்கு மாற்றினோம். மூத்த பெண் துணிக்கூடையில் கொண்டுபோனாள். கர்த்தர் எங்களை மன்னிக்கட்டும். அந்த மூத்த பொண்ணு நான்தான் என்றேன். புத்தகத்துல கூலிக்காரின்னு போட்டிருக்கிற மாரன் பெத்த புள்ளதான் நம்ம பிரின்சிபால், கூலிக்காரிக்கும் எஜமானுக்கும் பொறந்த புள்ளைக்கு என்ன பேருன்னு அடுத்த பதிப்புல அவரே எழுதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஆமென் என்று முடித்து உட்கார்ந்தேன். ஒருவர் கூட ஆமென் சொல்லவில்லை. ஆர்கன் வாசிக்கிற பெண் பதறிப்போய் அறுவடைப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். ஓர்சன் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். உன் அப்பா மடியில் வைத்திருந்த தொப்பிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, லியோரா, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உபவாசம் முடித்து இரண்டு தட்டு உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் ஊர் ஒரே அமளி. ஊரில் பாதி வீடுகளில் ஒளித்து வைத்த இளையாள் உண்டு அல்லவா, கர்ஸ்டினாவின் புத்தகத்தில் எங்கள் வீட்டுக் கதை என்ன என்று கிழவிகள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியாக வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வந்து அதை எரித்துவிடுங்கள் என்கிறார்கள். நான் இரண்டு பக்கத்துக்கும் பாகுப் பீச் கொடுத்து அனுப்புகிறேன், புத்தகம் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

நேற்று ஓர்சன் வந்தான். காலை பத்து மணி இருக்கும், நான் துவைத்துக்கொண்டிருந்தேன். டை இல்லை, முகம் சவரம் செய்யவில்லை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனே வந்து சமையலறையில் உட்கார்ந்தான். கல்தச்சனிடம் பேசிவிட்டானாம், அந்தக் கல்லை எடுத்துவிட்டு வேறு கல். முதல் பெயர் மாரன், மனைவி என்ற சொல்லோடு, அதற்கப்புறம் டொர்தியா. கல் வைத்த குழு சம்மதிக்கவில்லை, இவன் போய்ச் சண்டை போட்டிருக்கிறான், ஒத்துக்கொள்ள வைத்துவிட்டான். புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கிப் பதினேழாம் பக்கத்தைக் கிழித்துப் புதிய தாள் ஒட்டப் போகிறான், அதில் மாரனின் பிள்ளைகள் தோரா, ஓர்சன் என்று இருக்கும். எழுத்தர் பொறுப்பையும் விட்டுவிட்டானாம். எல்லாம் நான் கேட்டதுதான், கேட்டதற்கு மேலேயே செய்துவிட்டான். சரி என்றேன். அவன் போகவில்லை. மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். ரொட்டியும் பாலும் வைத்தேன், தொடவில்லை. அப்புறம் கேட்டான். அக்கா, அவங்க என்னப் பத்தி எப்பவாவது பேசினாங்களா?

இல்லை என்றேன்.

ஒரு தடவை கூடவா என்றான். இல்லை என்றேன். சாகும்போது கூடவா அக்கா என்றான், நாற்பத்தெட்டு வயது ஆள். சாகும்போதும் இல்லடா, அவங்களுக்கு உன் நெனப்பே கெடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணியைப் பிழிந்தேன்.

அது பொய் என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அம்மாவின் கடைசி மூன்று நாளும் நீ தலைமாட்டில் இருந்து துணியை நனைத்து உதட்டைத் துடைத்தாய், உனக்குப் பதினாலு வயது, எல்லாம் உன் காதில் விழுந்தது. ஓர்சன் வந்துட்டானா, ஓர்சன் சாப்பிட்டானா, அவன்கிட்ட சொல்லு தோரா, நான் குடுக்கல, எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏம்மா மாமாவைத் தேடுறாங்க என்று நீ கேட்டபோது வாயை மூடு என்று உன்னை வெளியே அனுப்பினேன். அது மட்டும் இல்லை. அவன் வளர்ந்த காலமெல்லாம், அவன் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்டுப் போன பிறகு அம்மா போய் ஈரமண்ணில் அவன் காலடித் தடத்தை வில்லோக் குச்சியால் அளந்துகொண்டு வருவாள். அந்த அளவுக்குக் காலுறை பின்னி, கர்ஸ்டினா கையில் கொடுத்து, சகோதரிகள் சங்கம் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கச் சொல்வாள். அவன் கல்யாணமாகிற வரைக்கும் அந்தக் காலுறையைத்தான் போட்டான், யார் பின்னியது என்று தெரியாமலே. அந்தக் குச்சி என் தையல் பெட்டியில் இருக்கிறது. நேற்று அவன் முழங்கை அந்தப் பெட்டிமேல்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கல்லுக்காக மட்டும் இல்லை, அதை உன்னிடமாவது ஒத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, மூத்திரத்துணி அலசி, ஊட்டிவிட்டது நான். எனக்கு ஒரு ஜோடி காலுறை பின்னியதில்லை. அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனது நான், எட்டு வயதில். கடைசி மூன்று நாளில் என் பெயரை அவள் சொன்னதெல்லாம் அவனிடம் சொல்லு என்பதற்காகத்தான். அவள் ஊருக்குக் கூலிக்காரி இல்லை என்று ஆக்கிவிட்டேன், அது அவளுக்கு. அவனிடம் சொல்லாதது எனக்கு.

அவன் போகும்போது உன் விலாசத்தைக் கேட்டான், உன் அப்பா யோசிக்காமல் கொடுத்துவிட்டார். உனக்கு எழுதுவான், நிச்சயம் எழுதுவான். சின்னப் பெண்ணாக இருந்தேன், ஒன்றும் ஞாபகமில்லை மாமா என்று மட்டும் பதில் போடு, அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், கோபத்தை எனக்கு எழுது, அவனுக்கு எழுதாதே.

பனிக்காலம் வருமுன் கம்பளி உள்ளாடை இரண்டு அனுப்புகிறேன், பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். ஞாயிறு கூட்டத்தைத் தவறவிடாதே, ஜெபத்தில் எங்களை நினை. ஆண்டவர் உன் கையையும் காலையும் உன் கண்ணையும் காத்து, நல்ல மனிதன் ஒருவனைக் கண்ணில் காட்டி, நிறைந்த வாழ்வு கொடுக்கட்டும். நான் செத்த பிறகு ஓர்சனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், குச்சியையும் கொடுத்துக்கொள். ஆனால் ஒன்று, போன வாரம் டாக்டர் அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு இனிமேல் வைக்கோல் கட்டுத் தூக்காதே, மேடு ஏறாதே என்று சொல்லியிருக்கிறாராம். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு உன் அம்மா,
மாரனின் ஒரே மகள்,
தோரா